வார்டில் வாங்கிய கையெழுத்து கட்டுப்படுத்துமா?

கேள்வி: என் தம்பி வேலை முடிந்து பைக்கில் வரும்போது சரக்கு வேன் மோதி இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. வேனின் எண் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள், ‘வக்கீல் ஆபீஸில் இருந்து வருகிறேன்’ என்று ஒருவர் வந்தார். செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு, வக்காலத்திலும் சில வெற்றுத்தாள்களிலும் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார். டிஸ்சார்ஜ் ஆன அன்று மறுபடி வந்து சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார். நஷ்டஈட்டில் 30 சதவீதம் தர வேண்டுமாம். நான்கு மாதம் ஆகிறது, போன் எடுப்பதில்லை. வக்கீலின் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. வேறு வக்கீலிடம் போகலாமா?

பதில்: போகலாம், தாராளமாக. வக்காலத்து என்பது அடிமைச் சாசனம் இல்லை. ‘எனக்காக நீங்கள் ஆஜராகுங்கள்’ என்று உங்கள் தம்பி கொடுத்த அனுமதி அது. கொடுத்தவரே திரும்பப் பெறலாம். அந்த 30 சதவீதப் பேச்சையும் மறந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளே தடை செய்திருக்கின்றன. அமெரிக்காவில் இது அனுமதிக்கப்பட்ட முறை. நம் ஊரில் இல்லை. ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதும் அதே விதிகளில் தடைதான். கணக்கையும் பாருங்கள். 8 லட்சம் கிடைத்தால் 2 லட்சத்து 40 ஆயிரம் அவருக்கு. அந்த 8 லட்சத்துக்குள் நீங்கள் ஏற்கெனவே கைக்காசு போட்டுக் கட்டிய மருந்து பில்லும் அடக்கம். அதிலும் பங்கு!

இப்போது அவசரம் வேறு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்திருக்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டு மாதம். எனவே, அந்த ஆள் ஏதாவது போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் தம்பியின் பெயரைப் போட்டுத் தேடலாம். அதில் சிக்காவிட்டால், விபத்து நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எம்.சி.ஓ.பி. எண், அதாவது நஷ்டஈட்டு மனுவின் எண், இருந்தால் வழக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

எண் இல்லையென்றால் வேலை சுலபம். தாக்கல் செய்யாத வக்காலத்து வெறும் காகிதம். அதிலிருக்கும் வக்கீல் பெயருக்கு, அனுமதியை ரத்து செய்கிறேன், வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது, ஆவணங்களைத் திருப்பித் தாருங்கள் என்று நாலு வரி எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வழக்கு எண் ஆகியிருந்தால், புது வக்கீல் பழையவரிடம் சம்மதம் கேட்பார். ‘என்.ஓ.சி. (சம்மதக் கடிதம்) தர 50,000 கொடு’ என்று அங்கே ஒரு பேரம் வரும். மசியாதீர்கள். சம்மதம் தராவிட்டால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மாறிக்கொள்ளலாம். கட்டண பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

ஆவணம் கைக்கு வரும்வரை உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல் நிலையத்தில் வாங்கலாம். ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) டிஸ்சார்ஜ் சம்மரியும் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் கிடைக்கும். இரண்டு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி அடிபட்டது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? மோட்டார் வாகனச் சட்டப்படி போலீஸாரே விபத்து அறிக்கை தயாரித்து, மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. இதை ஒழுங்காகச் செய்யுங்கள் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவாக உத்தரவு போட்டது. இது மட்டும் சரியாக நடந்தால், வக்கீலுக்குக் கட்சிக்காரர் பிடித்துக் கொடுக்கும் இந்தத் தரகருக்கு வேலையே இருக்காது. நான் பார்த்த வரையில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய தகவல் தரகரின் செல்போனுக்குத்தான் முதலில் போகிறது. ஒருமுறை சவக்கிடங்கு வாசலில், உடலை வாங்கக் காத்திருந்த ஒரு குடும்பத்தைச் சுற்றி மூன்று பேர் மூன்று வக்காலத்துகளோடு நின்றதைப் பார்த்தேன். பேனா வரை கையில் தயாராக இருந்தது.

தண்டனை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023-ல் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தினார்கள்: தரகு வேலை பார்த்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் தம்பி கையில் திணித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு! அதற்கும் முதலில் நீதிமன்றம் அவர் பெயரைத் தரகர் பட்டியலில் சேர்த்து வெளியிட்டிருக்க வேண்டும். அப்படியொரு பட்டியல் தொங்கும் சுவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வக்கீல் மீது தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், கொடுங்கள். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் வழக்கை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் வேன் கிடைத்துவிட்டது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் இந்த ஆட்கள் ‘கவலைப்படாதீர்கள், நாங்கள் ஒரு வண்டி செட் பண்ணுகிறோம்’ என்பார்கள். இன்சூரன்ஸ் உள்ள யாரோ ஒருவரின் வண்டி, காசு வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ள ஒரு டிரைவர். இன்சூரன்ஸ் கம்பெனி விசாரித்து இதைக் கண்டுபிடித்தால் மனுவில் யார் கையெழுத்து இருக்கிறது? அடிபட்டவருடையது. போலி ஆவணக் குற்றச்சாட்டு அவர் தலையில் விழும், தரகர் வேறு வார்டில் இருப்பார். அடையாளம் தெரியாத வண்டி மோதினால் சட்டமே வழி வைத்திருக்கிறது: உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பம், மாவட்ட ஆட்சியரின் உத்தரவு, வங்கிக் கணக்குக்குப் பணம். வக்கீல் தேவையில்லை, அதனால்தான் இதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை. தொகை சின்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிஜமானது. எனவே மனு ஏற்கெனவே தாக்கலாகியிருந்தால் நகல் வாங்கி, அதிலுள்ள வண்டி எண்ணும் எஃப்.ஐ.ஆரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. நஷ்டஈட்டை நேராகப் பாதிக்கப்பட்டவரின் கணக்கிலேயே போட வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தரகர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் கேரி பேக்கிலிருந்து பாஸ்புக்கை எடுத்து வைத்தார். செக் புக் எங்கே என்றேன். ‘அவங்களே வங்கிக்குக் கூட்டிட்டுப் போய் அக்கவுன்ட் ஆரம்பிச்சாங்க சார். எல்லா லீஃப்லயும் கையெழுத்து வாங்கி அவங்களே வெச்சிருக்காங்க, ஏடிஎம் கார்டும் அவங்ககிட்டதான்.’ தம்பி பெயரில் அப்படி எதையாவது தொடங்கியிருந்தால் இன்றே வங்கிக்குப் போய் கார்டை முடக்குங்கள், செக்குகளை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

புது வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100-க்கு போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். வருமானம் குறைவானவர்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமலே உண்டு. காசு கொடுத்து அமர்த்துவதாக இருந்தால் கட்டணத்தை ரூபாயில் பேசி எழுதி வாங்குங்கள். வக்கீலை நேரில் பாருங்கள், குமாஸ்தாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

அந்த 5,000 ரூபாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவர் கேட்பார். ‘காசு வாங்கினாயே’ என்று மிரட்டுவதற்காகவே கொடுக்கும் பணம் அது. வந்த ஆளிடம் கொடுக்காதீர்கள். வக்காலத்தில் இருக்கும் வக்கீலின் பெயருக்கு டி.டி. எடுத்து, ‘உங்கள் ஆள் மருத்துவமனையில் கொடுத்த தொகை’ என்று எழுதி அந்த ரத்துக் கடிதத்தோடு வையுங்கள். பெரும்பாலும் மாற்ற மாட்டார். மாற்றினால், வந்தவர் தன் ஆள்தான் என்று அவரே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.