கென்னி ஜி-க்கு முன்னால் ஒருவர் இருந்தார்

கேள்வி: ஸ்மூத் ஜாஸ் சாக்ஸபோன் என்றால் கென்னி ஜி மட்டும்தானா? அந்த வகை இசைக்காரர் ஒருவரின் வாழ்க்கையையும் தொழிலையும் பற்றி யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா?

கென்னி ஜி யாருடைய வாசிப்பைக் கேட்டு வளர்ந்தாரோ, அவரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். க்ரோவர் வாஷிங்டன் ஜூனியர், ஸ்மூத் ஜாஸ் என்கிற மென்மையான, காதுக்கு இதமான ஜாஸுக்கு வழிபோட்ட சாக்ஸபோன்காரர். பெயர் புதிதாக இருந்தாலும் வாசிப்பு உங்களுக்குப் புதிதாக இருக்காது. 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' என்ற பாட்டைக் காபிக் கடையிலோ ரீல்ஸிலோ கேட்டிருப்பீர்கள். பாடியவர் பில் விதர்ஸ் என்பதால் எல்லோரும் அதை விதர்ஸ் பாட்டு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது க்ரோவரின் ஆல்பத்தில் வந்தது. விதர்ஸ் அதில் விருந்தாளி.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் என் மாமா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். அவர் தயவில் நான் மூன்று வருடம் ஆல்ட்டோ சாக்ஸபோன் கற்றுக்கொண்டேன். ஊர்வலங்களில் பின்வரிசையில் நின்று ஊதியதோடு சரி, வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன். ஆகவே இது ஒரு ரசிகனின் பதில்தான்.

க்ரோவர் 1943 டிசம்பர் 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். அப்பா சாக்ஸபோன் வாசிப்பார், ஜாஸ் இசைத்தட்டுகளும் சேர்த்து வைத்திருந்தார். அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். இப்படிப்பட்ட வீட்டில் பையன் கைக்குச் சின்ன வயதிலேயே சாக்ஸபோன் வந்ததில் அதிசயமில்லை. பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, ஃபோர் கிளெஃப்ஸ் என்ற குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். பிறகு கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. பலருக்கு அந்த வருடங்கள் வீணாகத்தான் போயிருக்கும். இவருக்கு நியூ ஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் பில்லி காபம் என்ற டிரம்ஸ்காரர் பழக்கமானார். பின்னாளில் உலகமே கொண்டாடிய டிரம்ஸ்காரர் அவர். நியூயார்க் இசைக்காரர்களிடம் க்ரோவரை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். சேவை முடிந்ததும் 1967 இல் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினார். கொஞ்ச காலம் ஓர் இசைத்தட்டு விநியோக நிறுவனத்திலும் வேலை பார்த்தார். பிறர் தட்டுகளை அனுப்பிக்கொண்டே, பிறர் ஒலிப்பதிவுகளில் பின்னணியும் வாசித்துக்கொண்டிருந்தவர்.

அடுத்து 1971 இல் நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர் ஓர் ஆல்பத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். இடம் நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் புகழ்பெற்ற ஸ்டுடியோ. இசைக்கோர்வை பாப் ஜேம்ஸ். முன்னால் நின்று வாசிக்க வேண்டியவர் ஹேங்க் கிராஃபோர்ட், ரே சார்ல்ஸ் குழுவில் பெயர் வாங்கிய ஆல்ட்டோ வித்வான். அவரால் வர முடியாமல் போயிற்று. டெய்லரின் கண் க்ரோவர் மேல் விழுந்தது. க்ரோவர் அப்போது பெரும்பாலும் ஆல்ட்டோவை விடப் பெரிய, கனத்த குரல் கொண்ட டெனர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தவர். கையில் ஆல்ட்டோவே இல்லை. வாடகைக்கு ஒன்றை எடுத்து அந்த ஆல்பத்தை வாசித்து முடித்தார். அதுதான் 'இன்னர் சிட்டி ப்ளூஸ்', அவர் பெயரில் வந்த முதல் ஆல்பம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சாக்ஸபோனைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் விரல் வைக்கும் முறை ஒன்றுதான், அதனால் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஆல்ட்டோவில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் சிறியது, அதில் அதிரும் நாணல் பட்டையான ரீடும் சிறியது, உதடு பிடிக்கும் விதமும் ஊதும் அளவும் வேறு. என் வாத்தியார் ஒரு நாள் டெனர்காரர் வரவில்லை என்று என்னிடம் டெனரைக் கொடுத்து நிற்க வைத்தார். முதல் பாட்டிலேயே சுருதி தள்ளாடி, "தம்பி, நீ சும்மா விரலை மட்டும் ஆட்டு, ஊதாதே" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். நான் ஆல்ட்டோவிலிருந்து டெனருக்குப் போய் இந்தக் கதி. க்ரோவரோ பழகாத ஆல்ட்டோவை, அதுவும் வாடகைக் கருவியை எடுத்து, இன்னொருவருக்காக எழுதிய இசைக்கோர்வையில் போய் உட்கார்ந்திருக்கிறார். அதைக் கேட்டுப் பாருங்கள், பதற்றத்தின் சுவடே இல்லை.

அப்புறம் கதவு திறந்துகொண்டது. ரால்ஃப் மெக்டொனால்ட், வில்லியம் சால்ட்டர் இருவரும் எழுதிய தலைப்புப் பாட்டோடு 'மிஸ்டர் மேஜிக்' ஆல்பம் 1975 இல் வெளியானது. அந்த ஆல்பத்தில் மொத்தமே நான்கு உருப்படிகள்தான். அது ஜாஸ் பட்டியலிலும் சோல் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது, பொதுப் பட்டியலில் பத்தாம் இடம் வரை போனது. பாடல் வரிகள் இல்லாத நீளமான வாத்திய இசை இப்படி விற்றது அப்போது சாதாரண விஷயமில்லை. தலைப்புப் பாட்டின் அடியில் ஓடும் அந்த பேஸ் தாளக்கட்டை ஒரு முறை கேட்டால் இரண்டு நாள் தலைக்குள்ளேயே சுற்றும்.

1977 இல் ஃபிலடெல்ஃபியாவின் பிஜூ கஃபேயில் பதிவான நேரடிக் கச்சேரி ஆல்பம் ஒன்று உண்டு. மழமழப்பான இசை என்று அவரை ஒதுக்கிவிட நினைப்பவர்கள் அதைக் கேட்ட பிறகு பேசட்டும். வியர்வை தெரிகிற வாசிப்பு.

1980 இல் 'வைன்லைட்' வந்தது. கூட வாசித்தவர்களைப் பாருங்கள்: டிரம்ஸ் ஸ்டீவ் கேட், பேஸ் மார்கஸ் மில்லர், கிட்டார் எரிக் கேல், கீபோர்டு ரிச்சர்ட் டீ. அன்றைய நியூயார்க் ஸ்டுடியோக்களின் முதல் வரிசை அது. 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' இதில்தான் இருக்கிறது. 1981 இல் அமெரிக்கப் பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கிராமி, பாடலாசிரியர்களுக்கான விருது. ஆகவே அது விதர்ஸ், சால்ட்டர், மெக்டொனால்ட் மூவருக்கும் போனது. க்ரோவருக்கு ஆல்பத்துக்காக ஜாஸ் ஃபியூஷன் (ஜாஸோடு பிற இசை வகைகள் கலந்தது) பிரிவில் தனியாக ஒரு கிராமி.

அதே ஆல்பத்தில் 'லெட் இட் ஃப்ளோ' என்று ஒன்று, 'டாக்டர் ஜே'வுக்காக. டாக்டர் ஜே என்றால் ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் அணியின் கூடைப்பந்து நட்சத்திரம் ஜூலியஸ் எர்விங். க்ரோவர் அந்த அணிக்குத் தீவிர ரசிகர், அவர்களுடைய ஆட்டங்களுக்கு முன்னால் சாக்ஸபோனில் தேசிய கீதம் வாசித்துவிட்டுப் போவார். ஊர் இவரைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொண்டது. இன்று அங்கே அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது, ஒரு கட்டிடச் சுவர் முழுக்க அவர் உருவம் வரைந்திருக்கிறார்கள்.

இனி ஸ்மூத் ஜாஸ் என்ற பெயர். இது ரேடியோக்காரர்கள் ஒட்டிய சீட்டு. க்ரோவர் தன் முக்கியமான ஆல்பங்களைப் போட்டபோது இந்தப் பெயர் புழக்கத்திலேயே இல்லை. 1987 இல் லாஸ் ஏஞ்சலஸில் 'தி வேவ்' போன்ற நிலையங்கள் வந்த பிறகுதான் இது ஒரு தனி வணிக வகையாகக் கெட்டிப்பட்டது. அலுவலகத்தில் பின்னணியில் ஓட வேண்டும், யாருடைய வேலையையும் கெடுக்கக் கூடாது என்பதுதான் அந்த நிலையங்களின் கணக்கு. அதே வருடம் கென்னி ஜி-யின் 'சாங்பேர்ட்' பாப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த பலர் க்ரோவரிடமிருந்து இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் இருந்த ப்ளூஸ் என்ற பழைய சோக இசையையும் தேவாலயப் பாட்டின் சாயலையும் விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. கென்னி ஜி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மனிதரின் மூச்சுப் பயிற்சிக்கு நான் பெரிய கும்பிடு போடுகிறவன். ஆனால் க்ரோவர் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன் என சாக்ஸபோனின் நான்கு வகைகளையும் வாசித்தார், நான்கிலும் குரல் அவருடையதாகவே இருக்கும். ஒரு சுரத்தைக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தொடுவார், தொட்டதும் விட்டுவிடுவார். அடுத்ததற்கு அவசரமே இல்லை. நம் ஊர் நாதஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபடும்.

அந்த ரேடியோ அலை இரண்டாயிரங்களின் பிற்பாதியில் வடிந்துவிட்டது. நியூயார்க்கின் ஸ்மூத் ஜாஸ் நிலையம் 2008 இல் ராக் இசைக்கு மாறியது, சிகாகோவின் நிலையம் அடுத்த வருடமே போயிற்று. அதையெல்லாம் பார்க்க க்ரோவர் இருக்கவில்லை. 1999 டிசம்பர் 17, நியூயார்க். சிபிஎஸ் தொலைக்காட்சியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சிக்காக நான்கு பாட்டுகள் வாசித்துப் பதிவு செய்துவிட்டு, காத்திருப்பு அறையில் வந்து இருந்தவர் அங்கேயே சரிந்தார். மாரடைப்பு. 56 வயது முடிந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. ஓபெரா பாடல்களைச் சாக்ஸபோனில் வாசித்து அவர் முடித்து வைத்திருந்த 'ஆரியா' அடுத்த வருடம் வெளியானது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாட்டிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ரேடியோவுக்காக நான்கு நிமிடத்துக்கு வெட்டிய வடிவம் வேண்டாம். ஆல்பத்தில் அது ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். ராபர்ட் கிரீனிட்ஜ் என்பவர் ஸ்டீல் டிரம் வாசித்திருக்கிறார், க்ரோவரின் டெனர் நிதானமாக நீளும். வெட்டும்போது கத்தரி போனது பெரும்பாலும் அந்த வாத்தியப் பகுதிகள் மேல்தான். ஆல்பத்தின் சொந்தக்காரருடைய வாசிப்பை முழுதாகக் கேட்காமல்தான் நம்மில் பலர் அந்தப் பாட்டை இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.