ஓர்ஃபியோவை இரண்டாம் அங்கத்தில் தொடங்கிப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ ஓபெரா (இசை நாடகம்) முதல் அங்கத்திலேயே தூக்கம் வரவைக்கிறது, பாட்டா பேச்சா என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும்தான். 1607இல் இத்தாலியின் மாந்துவா நகரில் அரங்கேறியபோது, பேசுவதுபோலப் பாடும் அந்த முறையே புதிது. அதனால் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நேராக இரண்டாம் அங்கத்துக்குப் போங்கள். நாயகன் ஓர்ஃபியோவோடு இடையர்கள் ஆடிப்பாடும் நேரத்தில் அவன் மனைவியின் தோழி ஒருத்தி வருகிறாள். கொண்டாட்டம் அப்படியே அறுந்துபோகிறது. மனைவி யூரிடிசி இறந்தாள் என்றதும் ஓர்ஃபியோ ‘ஐயோ’ என்கிறான், அவ்வளவுதான். பாம்பு கடித்த கதையைத் தோழி சொல்லி முடித்த பிறகுதான் ‘நீ இறந்துவிட்டாய்’ என்று தொடங்குகிறான். மரக்குழாய் ஆர்கனும் நீண்ட கழுத்துள்ள லூட் என்ற தந்தி வாத்தியமும் மட்டுமே துணை. எனக்கு இன்றும் அங்கே தொண்டை அடைக்கும்.

அப்புறம் மூன்றாம் அங்கத்தில் மனைவியை மீட்கப் போகும் ஓர்ஃபியோ, இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் படகோட்டி காரோனிடம் பாடி மன்றாடும் இடம். முதல் அங்கம் கடைசியாக இருக்கட்டும்.