'ஃபானா' என்ற சொல் ரோமக் கடவுளின் பெயரா? காட்டு மிருகங்களை மட்டும்தான் அது குறிக்குமா?

ஆம், கடவுளின் பெயர்தான். ஆனால் அது வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

ஃபானஸ் என்பவர் பழைய இத்தாலியின் காட்டுக் கடவுள். மந்தை பெருக வேண்டும், ஓநாய் அண்டக்கூடாது என்று இடையர்கள் அவரை வேண்டிக்கொண்டார்கள். பலியிட்ட ஆட்டின் தோலை விரித்து அவருடைய தோப்பில் படுத்துறங்கினால் கனவில் குறி சொல்வார் என்றும் நம்பினார்கள். ரோமில் டைபர் ஆற்றின் நடுத்தீவில் கி.மு. 194இல் அவருக்கு ஒரு கோயில் எழுந்தது. அதைக் கட்டிய பணம், வழக்கில் தண்டனை பெற்ற மந்தைக்காரர்கள் மூவர் செலுத்திய அபராதம்! மேய்ச்சல் கடவுளுக்கு இதைவிடப் பொருத்தமான கோயில் நிதி எனக்குத் தெரிந்து இல்லை.

அவருடைய பெண் இணைதான் ஃபானா. மனைவி என்பார்கள், தங்கை என்பார்கள், மகள் என்றும் கதை உண்டு. சுவீடன் அறிஞர் லின்னேயஸ் தம் நாட்டுத் தாவரங்களைத் தொகுத்து 1745இல் வெளியிட்ட நூலுக்குப் பூத்தேவதை ஃப்ளோராவின் பெயரைச் சூட்டியிருந்தார். அடுத்த ஆண்டு விலங்குகளைத் தொகுத்தபோது ஃபானாவை அழைத்துக்கொண்டார். அன்று சேர்ந்த இணை இன்றுவரை பிரியவில்லை.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான உலக ஒப்பந்தத்தின் முழுப்பெயரிலும் இருவரும் இருக்கிறார்கள். டிசம்பர் 5ஆம் நாள் நடந்த ஃபானஸ் திருவிழாவைப் பாடிய பழைய ரோமக் கவிஞர் ஹோரஸ், அன்று ஆட்டுக்குட்டிகள் அஞ்சாமல் நிற்க, ஓநாய் அவற்றினிடையே திரியும் என்கிறார். அந்த ஒரு நாள் சமாதானத்தை இந்த ஒப்பந்தம் ஆண்டு முழுவதற்கும் நீட்டுகிறது என்றே நான் பார்க்கிறேன்: இந்திய ஓநாய் அதன் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் உறுதியாக 'இல்லை'. விலங்கியல் வகுப்பில் ஃபானா என்றதும் மாணவர்கள் புலியையும் யானையையும் மட்டுமே சொல்வது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். ஓர் இடத்திலோ ஒரு காலத்திலோ வாழும் விலங்குகள் அனைத்தும் சேர்ந்ததே ஃபானா. மண்புழு உண்டு, நத்தை உண்டு, கொசுவும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபானா நூல் வரிசை 1888இல் பிளான்ஃபோர்டு எழுதிய பாலூட்டிகள் பகுதியோடு தொடங்கியது. பிறகு பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், சிலந்திகள், நத்தைகள் என்று தனித்தனித் தொகுதிகளாக விரிந்தது.