பி.எஸ்.ஏ. 6.2: உடனே பயாப்ஸி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 62. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஓராண்டாக டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற மாதம் காய்ச்சலோடு சிறுநீர்த்தொற்று வந்து, ஆன்டிபயாடிக்கில் சரியானது. அது முடிந்து இரண்டு வாரத்தில் செய்த செக்-அப்பில் பி.எஸ்.ஏ. 6.2, ஃப்ரீ பி.எஸ்.ஏ. 0.93. ஸ்கேனில் சுரப்பி 40 கிராம். பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்தால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார் மைத்துனர். பி.எச்.ஐ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்கிறார்கள் லேபில். என்ன செய்வது?

பதில்: இந்த 6.2-ஐ வைத்து இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒன்று அதை மேலே தூக்கியிருக்கிறது, இன்னொன்று கீழே அழுத்தியிருக்கிறது.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம். விந்தை நீர்க்கச் செய்வது அதன் வேலை. புற்றுநோய் செல் மட்டுமல்ல, நல்ல செல்லும் அதைச் சுரக்கும். சுரப்பியின் உள்கட்டமைப்பு எதனால் குலைந்தாலும் அது ரத்தத்தில் கசியும். காய்ச்சலோடு வரும் சிறுநீர்த்தொற்று பெரும்பாலும் புராஸ்டேட்டையும் தொட்டுவிடும். ஏறிய அளவு இறங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நீங்கள் இரண்டே வாரத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள்.

டூட்டாஸ்டெரைடு இதற்கு நேர் எதிர். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். மறுபரிசோதனையில் 3.0 வந்தால் ரிப்போர்ட்டில் ‘4-க்குள், நார்மல்’ என்றே அச்சாகும். உங்களுக்கு அது 6.0. லேப் கம்ப்யூட்டருக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரை தெரியாது. இந்த மாத்திரையில் இருக்கும்போது, தொட்ட குறைந்த அளவிலிருந்து பி.எஸ்.ஏ. தொடர்ந்து ஏறினால், 4-க்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்துவதில் பயனில்லை. அது உடம்பை விட்டுப் போகவே மாதங்கள் ஆகும்.

தொற்று தீர்ந்து எட்டு வாரம் கழித்து, அதே லேபில் மீண்டும் பாருங்கள். லேபுக்கு லேப் கிட் மாறும், எண்ணும் மாறும். அதற்கு முன் சிறுநீரைச் சோதித்துத் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு நாள் விந்து வெளியேறக் கூடாது, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டக் கூடாது. முடி கொட்டுவதற்காக 5 அல்லது 10 மி.கி. பயோட்டின் சாப்பிட்டால் மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அது பி.எஸ்.ஏ.வைக் குறைத்துக் காட்டும். வெறும் வயிறு தேவையில்லை.

இனி ஃப்ரீ பி.எஸ்.ஏ. ரத்தத்தில் பி.எஸ்.ஏ.வின் பெரும்பகுதி வேறு புரதத்தோடு ஒட்டியிருக்கும்; மிச்சம் தனியாகத் திரியும். புற்றுநோயில் ஒட்டிய பங்கு கூடி, தனிப் பங்கு குறைகிறது. மொத்தம் 4 முதல் 10-க்குள் இருக்கும்போது, தனிப் பங்கு 25 சதவீதத்துக்கு மேல் என்றால் புற்றுநோய் வாய்ப்பு குறைவு. தனிப் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுடையது 0.93-ஐ 6.2-ஆல் வகுக்க 15 சதவீதம்: இரண்டுங்கெட்டான். டூட்டாஸ்டெரைடு இந்த விகிதத்தை அவ்வளவாக மாற்றாது, ஆனால் தொற்று மாற்றும். ரத்தம் எடுத்த விதமும் மாற்றும். ஃப்ரீ பி.எஸ்.ஏ. சீக்கிரம் சிதையும், மூன்று மணி நேரத்துக்குள் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்த குழாய் மாலை வரை அப்படியே கிடந்தால் விகிதம் பொய்யாகக் குறைந்து, வீண் பயம் கிளம்பும். லேபின் மெயின் கிளைக்கே போய்க் கொடுங்கள்.

பி.எச்.ஐ. நல்ல பரிசோதனைதான். புரோ-பி.எஸ்.ஏ. என்ற இன்னொரு வடிவத்தை ஃப்ரீ பி.எஸ்.ஏ.வால் வகுத்து, மொத்த பி.எஸ்.ஏ.வின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறார்கள். 27-க்குள் என்றால் வாய்ப்பு குறைவு, 55-க்கு மேல் என்றால் அதிகம். ஆனால் ‘இரண்டால் பெருக்கு’ என்ற கணக்கு மொத்த பி.எஸ்.ஏ.வுக்குத்தான்; அதை இந்தச் சூத்திரத்துக்குள் நுழைக்க முடியாது. உங்கள் நிலையில் அந்தப் பணத்தை எம்.ஆர்.ஐ.க்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மறுபரிசோதனையில் 2.5, 3 என்று வந்தாலே இரட்டித்தால் 5, 6. அப்போது புராஸ்டேட்டுக்கான மல்டிபாராமெட்ரிக் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். பயாப்ஸிக்கு முன்பே எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். படத்தில் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்பதற்கு 1 முதல் 5 வரை தரும் மதிப்பெண்தான் பை-ராட்ஸ். அது 4, 5 என்றால் பயாப்ஸி. 3 என்றால் இரட்டித்த பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பார்ப்போம், 0.15-ஐத் தாண்டினால் பயாப்ஸி பக்கம் சாய்வோம். 1, 2 என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு.

எந்தப் புரதமும் ‘புற்றுநோய்’ என்று எழுதித் தராது. அதைச் சொல்வது திசுதான். ஊசி போட்டால் பரவும் என்ற பயத்தில் தள்ளிப்போடாதீர்கள். உண்மையான தொல்லை தொற்றுதான். ஆசனவாய் வழியைவிட, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே தோல் வழியாக எடுத்தால் அது குறைவு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். விந்தில் சில வாரம் ரத்தம் கலந்து வரும், பயம் வேண்டாம். குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த எட்டு வாரக் காத்திருப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. இந்த வாரமே யூராலஜிஸ்ட்டிடம் ஆசனவாய் வழியாக விரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கல் போன்ற முடிச்சு தட்டுப்பட்டாலோ, இடுப்பு, முதுகெலும்பில் விடாத வலி இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.