கொல்லாத காப்பகம்: மனுவுக்கு முன்னால் கணக்கு

கேள்வி: பினாங்கில் ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். 40 கூண்டுகள் இருக்கின்றன. மாதம் 60 நாய்கள்போல வந்து சேர்கின்றன. இடமில்லை என்று நோய்நொடி இல்லாத நாய்களையும் ஊசி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். மனசு தாங்கவில்லை. “அடுத்த மாதம் முதல் ஒரு நாயையும் கொல்லக்கூடாது” என்று கையெழுத்து திரட்டி நிர்வாகக் குழுவிடம் கொடுக்கப்போகிறோம். இது நடக்குமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உங்கள் நோக்கம்தான் எங்கள் நோக்கமும். ஆனால் அந்த மனுவை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். வாசலில் வருவது அப்படியே இருக்க, ஊசியை மட்டும் நிறுத்தினால், சில வாரங்களில் ஒரே கூண்டில் மூன்று நாலு நாய் நிற்கும். சண்டை வரும், பின்னாலேயே பார்வோ என்ற கொடிய குடல் தொற்றுநோய் வரும். ஊசிக்குத் தப்பிய குட்டிகள் இரத்தக் கழிச்சலில் சில நாள் துடித்துச் சாகும்.

முதலில் கணக்கு. மாதம் 60 என்றால் நாளுக்கு 2. ஒரு நாய் சராசரியாக 30 நாள் தங்க வேண்டியிருந்தால், எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 60 நாய்க்கு இடம் வேண்டும். உங்களிடம் இருப்பது 40. அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. அதே நாய்கள் 18 நாளில் வெளியேறினால் உள்ளே 36தான் இருக்கும். புதிதாக ஒரு கூண்டும் கட்ட வேண்டாம், அவசரத்துக்கு 4 காலியாகவும் இருக்கும். வேலையாட்களுக்கும் இதே கணக்குதான். சுத்தம் செய்யவும் தீனி போடவும் மட்டுமே ஒரு நாய்க்கு நாளுக்கு 15 நிமிடம் வேண்டும். 60 நாய்க்கு 15 மணி நேரம், 36 நாய்க்கு 9 மணி நேரம்.

நாள்கள் எங்கே வீணாகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் காத்திருப்பில்தான். கருத்தடைக்கு டாக்டர் வரும் நாள், தத்துப் பாரத்தில் ஒரு கையெழுத்து, “சனிக்கிழமை வாங்க” என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். தினமும் காலையில் இரண்டு பேர் கூண்டு கூண்டாக நடந்து, “இந்த நாய் இன்று எதற்காகக் காத்திருக்கிறது?” என்று கேட்டு, கூண்டின் அட்டையிலேயே பதிலை எழுத வேண்டும். நாய் வந்த அன்றே அறுவைக்குத் தேதி வாங்குங்கள். ஆரோக்கியமான குட்டிக்கு 8 வாரம் ஆகி, எடை 1 கிலோ இருந்தால், பழக்கமுள்ள கால்நடை மருத்துவர் கருத்தடை செய்துவிடுவார். ஆறு மாதம் ஆகட்டும் என்று வைத்திருக்கத் தேவையில்லை.

தடுப்பூசியை உள்ளே நுழையும்போதே, மற்ற நாய்களோடு சேர்ப்பதற்கு முன்பே போடுங்கள். மறுநாள் என்பது தாமதம். குட்டிகளுக்கு 4 முதல் 6 வாரத்தில் தொடங்கி, காப்பகத்தில் இருக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணத் தரை மருந்துகள் பலவற்றுக்கு அது சாகாது. மலத்தை அள்ளி, சோப்பு போட்டுக் கழுவி அலசிய பிறகு, 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி குளோரோக்ஸ் (வெளுப்புத் திரவம்) கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பயனில்லை. நேற்று கலந்த தண்ணீரும் வேண்டாம், வீரியம் போயிருக்கும். குட்டிகளின் கூண்டை முதலில் கழுவுங்கள், நோயாளிக் கூண்டைக் கடைசியில்.

இனி வாசல். குட்டிகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவருபவரிடம் தாய் எங்கே என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கடையின் பின்புறமோ பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையோ, அது அங்கேயே இருக்கும். சில மாதங்களில் அடுத்த ஈற்றும் இதே பெட்டியில் வரும். தாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதற்கு முன் காது வெட்டிய நாய்களைப் பிடிப்பதில்லை என்று மாநகர் மன்றத்திடம் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் செலவழித்த நாயே நாய்பிடி வண்டியில் ஏறும். 2015 செப்டம்பரில் வெறிநோய் பரவியபோது மாநில அரசு தெரு நாய்களைக் கொல்ல உத்தரவிட்டதைப் பினாங்கு மறந்திருக்காது. அந்தப் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், பதில் சொல்லுங்கள்: ஒரு வட்டாரத்தில் 70% நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது அடங்கும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, கொல்வதால் அது அடங்குவதில்லை.

தத்துக்குக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல படங்களைப் புலனத்தில் போட உங்களுக்கே தெரியும். அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். திரும்பி வரும் நாய்களில் பல இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனவை.

கொல்லாத காப்பகம் என்றால் பொதுவாக, வெளியேறும் 100இல் குறைந்தது 90 உயிரோடு போக வேண்டும். மீட்க முடியாத வேதனையில் இருப்பதற்கும், யாரிடமும் கொடுக்க முடியாத அளவுக்குக் கடிப்பதற்கும் ஊசி இருக்கும். அதை மறுப்பது கருணை ஆகாது. கூண்டிலேயே செத்தவையையும் கணக்கில் சேருங்கள். 70 உயிரோடு போய், 20 ஊசியில், 10 நோயில் இறந்தால் விகிதம் 70%. அந்த 10ஐ மறைத்தால் 78% என்று அழகாகத் தெரியும்.

ஆகவே மனுவில் கேட்க வேண்டியது படிப்படியான உறுதி. 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியதும் இப்படித்தான்: தத்துக்கு ஏற்ற, ஆரோக்கியமான விலங்கு எதுவும் கொல்லப்படாது என்பதே அங்கே முதல் உடன்பாடு. நீங்களும் “இடமில்லை என்பதற்காக ஆரோக்கியமான நாய் கொல்லப்படாது” என்ற ஒரு வரியோடு, கடந்த மூன்று மாதக் கணக்கை இணைத்துக் கொடுங்கள்: எத்தனை வந்தன, எத்தனை எப்படிப் போயின, சராசரி எத்தனை நாள் தங்கின. இந்த விவரம் ஊசி போடும் ஊழியரின் பதிவேட்டில் இருக்கும். மனுவில் அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். இந்த வேலை அவருக்கும் வலிக்கிறது. கையெழுத்து திரட்டுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து அந்தப் பதிவேட்டைப் பாருங்கள்.