பூமராங் ஃபைட்டர் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ரெண்டாம் உலகப்போர்ல ஆஸ்திரேலியாக்காரங்க தாங்களே டிசைன் பண்ணி சண்டைக்கு அனுப்புன ஃபைட்டர் (போர் விமானம்) சிஏசி பூமராங். சிஏசின்னா காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன், இத கட்டுன கம்பெனி. பிரிட்டன் ஃபைட்டர் ஸ்பிட்ஃபயர், ஜப்பான் ஃபைட்டர் ஸீரோன்னா எல்லாருக்கும் தெரியும், இத யாரும் கண்டுக்கறதே இல்ல. வந்த கேள்விங்களுக்கு வரிசையா பதில் போடறேன்.

கேள்வி: சார், அதுவரைக்கும் ஃபைட்டரே செஞ்சு பழக்கமில்லாத நாடு, திடீர்னு எப்படி இறங்குனாங்க?

வேற வழி இல்ல சார். 1941 டிசம்பர்ல ஜப்பான் போர்ல குதிச்சப்ப ஆஸ்திரேலியா மண்ணுல உருப்படியான ஃபைட்டர் ஒன்னுகூட கிடையாது, பிரிட்டன் கிட்ட கேட்டா அவங்க பாடே பெரும்பாடு, அமெரிக்கா எப்ப அனுப்பும்னும் தெரியாது. கையில என்ன இருந்துச்சுன்னா, மெல்போர்ன் ஃபிஷர்மென்ஸ் பெண்ட்ல சிஏசி கம்பெனி கட்டிட்டிருந்த விர்ராவேன்னு ஒரு ட்ரெயினர் (பயிற்சி விமானம்), அப்புறம் பியூஃபோர்ட்ங்கற பாம்பருக்காக (குண்டுவீச்சு விமானம்) உள்நாட்டுலயே தயாரான 1200 குதிரைசக்தி ட்வின் வாஸ்ப் இன்ஜின். ரெண்டையும் சேத்தா என்னன்னு கம்பெனி மேனேஜர் லாரன்ஸ் வாக்கெட் யோசிச்சார். இறக்கை, வால், சக்கரம் இதெல்லாம் முடிஞ்ச வரை விர்ராவேல இருந்தே எடுத்துக்கிட்டாங்க, உடம்பு மட்டும் புதுசு. 1942 பிப்ரவரி 18ல முதல்ல 105 விமானத்துக்கு அரசாங்கம் ஓகே சொல்லுது, மறுநாளே டார்வின்ல ஜப்பான்காரன் குண்டு போடறான்! மே 29ல முதல் விமானம் பறந்துடுச்சு. மூணே கால் மாசம்தான், தனியா ப்ரோட்டோடைப்னு (சோதனை மாதிரி விமானம்) ஒன்னு கூட செய்யல.

கேள்வி: அண்ணே, டிசைனர் எதிரி நாட்டு ஆளுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம் தம்பி. ஃப்ரெட் டேவிட், ஆஸ்திரியா நாட்டு யூதர், அகதியா வந்தவர். அதுக்கு முன்னாடி ஜெர்மனில ஹெய்ங்கல் கம்பெனிலயும் அப்புறம் ஜப்பான்லயும் விமானம் டிசைன் பண்ணவர். எதிரி எப்படி விமானம் கட்டறான்னு உள்ள இருந்தே பாத்த மனுஷன், ஆனா பேப்பர்ல இவரும் 'எதிரி நாட்டவர்'தான். அரசாங்க சட்டத்த என்னன்னு சொல்றது.

கேள்வி: ஒரு எதிரி விமானத்தகூட சுட்டு வீழ்த்தலயாம். அப்ப ஃபிளாப் தானே?

இந்த கேள்வி வரும்னு தெரியும் :) ஆமா, கணக்குல பூஜ்யம்தான். 1943 மே 16ல 84வது ஸ்குவாட்ரனோட (விமானப்படைப் பிரிவு) ரெண்டு பூமராங், 'பெட்டி'ன்னு பேர் வச்ச ஜப்பான் பாம்பர் மூணை மடக்குச்சு, சுமார் 250 கஜ தூரத்துல இருந்து சுட்டாங்க, பாம்பருங்க மேகத்துக்குள்ள பூந்து தப்பிச்சிடுச்சு. அவ்ளோதான்.

பிரச்சனை எங்கன்னா அந்த இன்ஜின்ல. இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பற சூப்பர்சார்ஜர் சாதாரணமானது, 15,000 அடிக்கு மேல போனா மூச்சு வாங்கும். அதிகபட்ச வேகமே மணிக்கு 490 கிமீ பக்கம்தான், ஸீரோ அத விட வேகம். ஏறுறது நல்லா ஏறும், 20 மிமீ பீரங்கி ரெண்டு, மெஷின்கன் நாலுன்னு ஆயுதமும் பலம், ஆனா எதிரிய துரத்திப் பிடிக்க முடியலைன்னா அத வச்சு என்ன பண்றது. இதுல கூத்து என்னன்னா, இதோட அண்ணன் விர்ராவே, வெறும் ட்ரெயினர், 1942 டிசம்பர் 26ல நியூகினில கோனா பக்கத்துல ஒரு ஜப்பான் ஃபைட்டர சுட்டே வீழ்த்திடுச்சு.

கேள்வி: பின்ன 250 விமானம் எதுக்கு கட்டுனாங்க?

அப்படி கேளுங்க மேடம், இதோட நிஜ வேலையே இங்கதான் ஆரம்பிக்குது. 4வது, 5வது ஸ்குவாட்ரன் இத நியூகினிக்கு கொண்டு போய் தரைப்படைக்கு துணையா பறக்க விட்டாங்க. காட்டுல மேல இருந்து பாத்தா வெறும் பச்சை, பங்கர் எது மரம் எதுன்னே தெரியாது. பூமராங் மரத்து உச்சிய உரசற மாதிரி தாழப் பறந்து, எதிரி இருக்கற இடத்த கண்டுபிடிச்சு, அதுமேல புகை குண்டு போடும், பின்னாடியே வர்ற பெரிய விமானங்க அந்த புகைய குறிவச்சு அடிக்கும். போகன்வில் தீவுல நியூசிலாந்தோட கோர்செய்ர் ஃபைட்டர்களுக்கு இப்படித்தான் வழி காட்டுனாங்க. தாழப் பறக்கறப்ப அந்த சூப்பர்சார்ஜர் குறை ஒரு குறையே இல்ல, குட்டை உடம்பு சட்டுனு திரும்பும், பைலட்டுக்கு கவசத் தகடு வேற. ஃபிளாப்னு எழுதறவங்க எல்லாம் இந்த பகுதிய படிக்காமயே எழுதறாங்கன்னு நினைக்கறேன்.

கேள்வி: டர்போ வச்ச மாடல் ஒன்னு இருந்துச்சாமே?

ஆமா, பேரு சிஏ-14. உயரத்துல மூச்சு வாங்காம இருக்க டர்போ வச்சது. ஒன்னே ஒன்னு கட்டுனாங்க, உயரத்துல நல்லாவே பறந்துச்சு. ஆனா அதுக்குள்ள ஸ்பிட்ஃபயர் வந்து சேந்துடுச்சு, அதோட மூடிட்டாங்க.

கேள்வி: இப்ப நேர்ல பாக்கணும்னா?

மெல்போர்ன் போனா பாயின்ட் குக் விமானப்படை மியூசியத்துல ஒன்னு நிக்குது. பக்கத்துல போய் இறக்கைய மட்டும் பாருங்க, விர்ராவே படம் ஒன்னு ஃபோன்ல வச்சுக்கிட்டு போனா ஒத்துமை அங்கயே புரிஞ்சிடும். ஸ்கேல் மாடல் கேட்ட தம்பிக்கு தனியா பதில் போடறேன், கலர் விஷயம் கொஞ்சம் நீளம்.