தாலிச் சங்கிலி அடகுக்குப் போக வேண்டாம்

மானாமதுரைப் பக்கத்திலிருந்து மகளுடன் வந்திருந்தார் ஒரு தந்தை. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தப் பெண், சில காலம் நிருபராக வேலை பார்த்துவிட்டுப் பிறகு கிராமத்துச் சிறுவர்களின் சாகசக் கதைகளை எழுதப்போவதாகச் சொல்கிறாள். தாய்மாமனோ, சங்கிலியை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்த்துவிடச் சொல்கிறார்.

ஐயா, மகளின் ஆசை என்னைப் பயமுறுத்தவில்லை. அந்த அடகுச்சீட்டுதான் பயமுறுத்துகிறது. இங்கிலாந்தின் லீட்ஸில் 1884இல் பிறந்த சிறுவர் நாவலாசிரியர் ஆர்தர் ரான்சம், வேதியியல் படிக்கச் சேர்ந்து ஓராண்டிலேயே விட்டுவிட்டு, லண்டன் பதிப்பகம் ஒன்றில் எடுபிடிப் பையனானவர். பின்னாளில் ரஷ்யப் புரட்சியை நேரில் கண்டு பத்திரிகைகளுக்கு எழுதினார். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பிள்ளைகள் பாய்மரப் படகோட்டித் தீவில் கூடாரமடிக்கும் அவருடைய நாவல் 1930இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 46. அந்த வரிசையில் 12 நூல்கள் வந்தன. சிறந்த சிறுவர் நூலுக்கு பிரிட்டனில் தரப்படும் கார்னகி பதக்கம் முதன்முறை வழங்கப்பட்டபோது அதுவும் அவற்றில் ஒன்றுக்கே கிடைத்தது.

எழுத்து சோறு போடுமா என்று மாமா கேட்பார். கேட்கட்டும், அது நியாயமான கேள்வி. சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்ய புரஸ்காரின் தொகையே 50,000 ரூபாய்தான். ஆகவே முதலில் சம்பளம், பிறகு நாவல் என்று உங்கள் மகளே வகுத்திருக்கும் வரிசை சரியானது. அதற்காக லட்சங்கள் கட்டி இதழியல் படிக்கவும் தேவையில்லை.

பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் தமிழ் இளங்கலையில் சேர்த்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பேருந்துக்கும் நோட்டுக்கும் அது போதும். மூன்றாண்டும் உங்கள் வட்டாரத்து நாளிதழ் நிருபர் ஒருவரிடம் தொழில் பழகட்டும். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், ஆண்டுக்கு ஆறு கிராம சபை, சந்தை, கண்மாய்க் கரை என்று அலையட்டும். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி மடையை எப்போது திறக்கிறார், எந்த வயலுக்கு முதல் தண்ணீர், கடைமடைக்காரர் ஏன் சண்டைக்கு வருகிறார் என்று கேட்டு எழுதினால், அது நாளிதழில் நான்கு வரியாகச் சுருங்கி வரும். சுருங்காத மிச்சம் நோட்டிலேயே கிடக்கும். பத்து வயதுப் பிள்ளைகள் நள்ளிரவில் மடையைக் காவல் காக்கும் கதையை அவள் எழுத உட்காரும்போது அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

சங்கிலியைப் பெட்டியிலேயே வையுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அவளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார், தலைவர் எதற்குப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று எழுதி வரட்டும். அந்த நோட்டுடன் வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.